எஃபிஷியன்ஸி ஒவ்வொரு தடவையும் மாறுது: கூலரைத் திருத்தலாமா, மின்சார செட்டுக்குப் போயிடலாமா?

#1 குளிர்நாட்டான் (டொரொன்டோ)

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமா வீட்ல பியர் காய்ச்சுறேன். ஆரம்பத்துல எக்ஸ்ட்ராக்ட் (ஏற்கனவே வடிச்சுக் கெட்டியாக்கின மால்ட் சாறு) டப்பாதான். இந்த வசந்தத்துல முழு மால்ட்டுக்கு (முளைகட்டி உலர்த்தின பார்லி) மாறினேன். செட் முழுக்க நானே சேர்த்தது. 38 லிட்டர் வட்டக் கூலர் (ஐஸ் போட்டு வைக்கிற பெட்டி; மால்ட்டை வெந்நீர்ல ஊற வைக்கிறது இதுலதான்). அதோட பிளாஸ்டிக் குழாயைக் கழட்டிட்டு அரை இஞ்ச் பால் வால்வு போட்டிருக்கேன், உள்ளே துளை போட்ட வட்டத் தட்டு. 40 லிட்டர் ஸ்டெயின்லெஸ் அண்டா, வெளியில வெச்சு எரிக்கிற புரொபேன் பர்னர், 15 மீட்டர் செம்புக் குழாயை ஒரு பெயின்ட் டப்பாவைச் சுத்தி வளைச்சுப் பண்ண சில்லர் (காய்ச்சினதை ஆற வைக்கிற சுருள்). சில்லர் வளைச்ச அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

பிரச்சினை இதுதான். ஒரே ரெசிப்பியை மூணு தடவை பண்ணிட்டேன். 5 கிலோ பேல் மால்ட், 67 டிகிரியில ஒரு மணி நேரம் மாஷ் (உடைச்ச மால்ட்டை வெந்நீர்ல ஊற வைக்கிறது), கடைசியில 20 லிட்டர். ஓஜி (நொதிக்கிறதுக்கு முன்னாடி அடர்த்தி) 1.052 வரணும். வந்தது 1.044, 1.053, 1.047. கணக்குப் போட்டா எஃபிஷியன்ஸி, அதாவது மால்ட்ல இருக்கிற சத்துல கைக்கு வந்தது, 59, 71, 63 சதவீதம். பியரும் வாயில தண்ணியா நிக்குது. யுஎஸ்-05 ஈஸ்ட்தான், ஆனா எஃப்ஜி (நொதிச்சு முடிஞ்ச அப்புறம் அடர்த்தி) 1.006 வரைக்கும் இறங்கிடுது.

குளிர்காலம் வரப்போகுது, தோட்டத்துல நின்னு காய்ச்ச முடியாது. எல்லாம் ஒரே பாத்திரத்துல நடக்கிற மின்சார செட் ஆயிரம் டாலருக்கு மேல ஆகுது. அதை வாங்கிட்டா இந்த ஏத்த இறக்கம் நின்னுடுமா? இல்ல கூலரையே சரி பண்ண வழி இருக்கா?

#2 பனையோலை (லண்டன்)

தம்பி, ஆயிரம் டொலரைக் கையில வைச்சிருங்கோ. நான் நாலு வருசமாப் பையிலதான் காய்ச்சிறன். ஒரு அண்டா, ஒரு நைலோன் வலைப்பை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாக்காரர் 2000-களின்ர நடுப்பகுதியில பரப்பிவிட்ட முறை இது. முழுத் தண்ணியையும் ஒரே தரமாச் சூடாக்கி, பைக்குள்ள மால்ட்டைக் கொட்டி, ஒரு மணித்தியாலம் போர்வையால மூடிவிட்டு, பையைத் தூக்கிப் பிழிஞ்சு விட்டாச் சரி. வால்வு இல்லை, தட்டு இல்லை, அடைப்பு எண்ட பேச்சே இல்லை. பிழியிறதால மால்ட் குடிக்கிற தண்ணியும் குறைவு. கூலரில கிலோவுக்கு ஒரு லீற்றர் போகும், எனக்கு 0.7 லீற்றருக்கு மேல போறேல்லை.

#3 உமித்தவிடு (மெல்பர்ன்)

தம்பி குளிர்நாட்டான், எதையும் வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை எந்தச் சூட்டில் முக்கிப் பார்த்தீர்கள்? 20 லிட்டர் என்பதை எதை வைத்து அளந்தீர்கள்? மாஷ் வெப்பமானியை எப்போதாவது பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்தீர்களா? மால்ட்டை எங்கே உடைக்கிறீர்கள்?

#4 குளிர்நாட்டான் (டொரொன்டோ)

ஐயா, கேட்டதும் போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுறேன்.

ஹைட்ரோமீட்டர்ல 20 டிகிரின்னு அச்சடிச்சிருக்கு. முதல் தடவை சில்லரை எடுத்த உடனே பார்த்தேன். நோட்டுல “வெதுவெதுப்பு, 40” அப்படின்னு நானே எழுதி வெச்சிருக்கேன். மத்த ரெண்டும் ஆறினதுக்கு அப்புறம் பார்த்தது. 20 லிட்டர் நொதிக்கிற வாளியில போட்டிருக்கிற கோட்டை வெச்சு. வெப்பமானி நீளக் காம்பு வெச்ச முள் டயல். இதுவரைக்கும் சோதிச்சதே இல்ல. மால்ட் முதல் ரெண்டு தடவை ஒரு கடையில, மூணாவது தடவை வேற கடையில உடைச்சு வாங்கினது.

#5 உமித்தவிடு (மெல்பர்ன்)

நீங்கள் நோட்டு வைத்திருப்பதே பாதி வேலை முடிந்த மாதிரி. மற்றதைக் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு கிலோ நல்ல பேல் மால்ட்டிலிருந்து முழுவதும் எடுத்தால் ஏறக்குறைய 300 புள்ளி-லிட்டர் கிடைக்கும் (1.044 என்றால் 44 புள்ளி; அதை லிட்டரால் பெருக்குவது புள்ளி-லிட்டர்). அதாவது அந்தச் சத்து மொத்தம் ஒரு லிட்டர் கரைசலாக நின்றால் 1.300. ஐந்து கிலோவுக்கு 1500. இதுதான் உங்கள் நூறு சதவீதம்.

முதல் தடவை 1.044. அதை 40 டிகிரியில் பார்த்திருக்கிறீர்கள். சூடான திரவம் அடர்த்தி குறைந்தது, ஹைட்ரோமீட்டர் அதிகமாக அமிழும், எண் குறைவாகக் காட்டும். 40 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் வித்தியாசம் 6 புள்ளிக்குக் கொஞ்சம் மேலே. ஆக, அது 1.044 அல்ல, 1.050. எடுத்த எடுப்பிலேயே 59 சதவீதம் 67 ஆகிவிட்டது. கூலரில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

அடுத்தது வாளிக்கோடு. இந்த அச்சுக் கோடுகளை நான் நம்புவதே இல்லை. சமையல் தராசில் ஒரு பாத்திரத்தை வைத்துத் தண்ணீரை நிறுத்து நிறுத்து ஊற்றுங்கள், ஒரு கிலோ ஒரு லிட்டர். உங்கள் கோடு 20 என்று சொல்லும் இடத்தில் உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அண்டாவுக்கும் அப்படியே. ஒரு மரக்கரண்டியின் காம்பில் லிட்டருக்கு ஒரு வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் உள்ள வேப்பமரக் கரண்டிக்குப் பன்னிரண்டு வயது, இன்னும் அதுதான் என் அளவுகோல். ஒன்றை மறக்க வேண்டாம்: கொதிக்கும்போது தண்ணீர் 4 சதவீதம் விரிந்திருக்கும். கொதிநிலையில் 27 லிட்டர் என்று கண்ணுக்குத் தெரிவது ஆறிய பின் 26-க்குச் சற்றுக் குறைவு.

வெப்பமானி. உங்கள் பியர் தண்ணியாக இருப்பதற்கு என் சந்தேகம் முழுவதும் அதன் மேல்தான். 62 முதல் 65 டிகிரி வரை பீட்டா அமைலேஸ் என்ற மால்ட் நொதிக்குப் பிடித்த சூடு. அது மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக நறுக்கித் தள்ளிவிடும். 68-க்கு மேல் ஆல்ஃபா அமைலேஸின் ஆட்சி, ஈஸ்ட்டால் தொட முடியாத பெரிய துண்டுகள் மிஞ்சும், அதுதான் வாயில் கனம் தருவது. நீங்கள் 67 என்று நினைத்தது 64 ஆக இருந்தால் 1.006-க்கு வேறு காரணம் தேட வேண்டாம். பொடித்த பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி வெப்பமானியை நடுவில் நட்டு, இரண்டு நிமிடம் கலக்கிப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். பிறகு, நம்பகமான ஒரு டிஜிட்டல் வெப்பமானியை ஒரு நாள் கடன் வாங்கி, 67 டிகிரித் தண்ணீரிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு 0-வும் 100-ம் முக்கியமில்லை, 67 முக்கியம்.

இவ்வளவும் முடித்துவிட்டுத் திரும்ப வாருங்கள். அதுவரை துளை போடவோ, ஆர்டர் கொடுக்கவோ வேண்டாம்.

#6 பனையோலை (லண்டன்)

ஐயா சொல்லுறதில எனக்கு முழுச் சம்மதம். ஆனா அளவெல்லாம் சரியாக் கிடந்தாலும் கூலரின்ர அடியில தங்கிற வோர்ட் (மால்ட்டில இருந்து வடியிற இனிப்புத் தண்ணி) வீண்தானே? வட்டத் தட்டுக்குக் கீழ ரெண்டு லீற்றர் நிக்கும். பையில அந்த நட்டம் இல்லை.

#7 உமித்தவிடு (மெல்பர்ன்)

நியாயமான கேள்வி, அதையும் எண்ணிலேயே பார்க்கலாம். தம்பி இரண்டு தடவையாக வடிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன்: 15 லிட்டரில் மாஷ், வடித்த பின் மறுபடி 15 லிட்டர் ஊற்றிக் கலக்கி வடிப்பது. முதல் வடிப்பில் அடியில் தங்குவது இரண்டாவதோடு கலந்துவிடும். கடைசியாகத் தங்குவதுதான் நட்டம். அது நீர்த்த வோர்ட், 1.020 அளவில் இருக்கும். இரண்டு லிட்டர் என்றால் 40 புள்ளி-லிட்டர். 1500-இல் 40 என்பது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. வால்வின் உள்பக்கம் கீழ்நோக்கிய ஒரு முழங்கைக் குழாய் போட்டால் அதிலும் முக்கால்வாசி மீளும். செய்யத் தகுந்த வேலைதான். ஆனால் 59-க்கும் 71-க்கும் நடுவே உள்ள பள்ளத்தை இது நிரப்பாது.

#8 குளிர்நாட்டான் (டொரொன்டோ)

ஆமா ஐயா, ரெண்டு தடவையா வடிக்கிறவன்தான். 15, 15 லிட்டர். கொதிக்க ஆரம்பிக்கும்போது 25 இருக்கும், ஒரு மணி நேரத்துல 4 லிட்டர் ஆவியாகும்.

ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அளந்துட்டேன். வாளியில 20-னு போட்டிருக்கிற கோட்டுல 21 லிட்டர் நிக்குது. வெப்பமானி பனிக்கூழ்ல 2.5 காட்டுது. நண்பர் வீட்டு டிஜிட்டல் கூட வெச்சுப் பார்த்தா 67-லயும் அதே 2.5 அதிகம். அப்போ இத்தனை நாளா 64.5-லதான் மாஷ் பண்ணியிருக்கேன். டயல் பின்னாடி ஒரு நட்டு இருக்கு, அதைத் திருகி இப்போ சரி பண்ணிட்டேன்.

21 லிட்டர்னு போட்டுத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். முதல் தடவை 70, ரெண்டாவது 74, மூணாவது 66. மூணாவது மட்டும் ஏன் விழுந்துச்சு?

#9 சிங்கைக்காற்று (சிங்கப்பூர்)

வேற கடையில உடைச்ச மால்ட்! அந்த மில் இடைவெளி அகலமா இருந்திருக்கும். எனக்கும் இதே நடந்தது.

அதோட ஒரு சந்தேகம், உங்க சில்லர் பத்தி. 40 டிகிரியிலயே எடுத்துட்டீங்கன்னு சொன்னீங்க. அவ்வளவு நேரமா ஆகுது? இங்க குழாய்த் தண்ணியே 28, 29-ல வருது, நான் என்ன பண்ணாலும் அதுக்குக் கீழ இறங்காது. அதனால ரெண்டு கட்டமா பண்றேன். முதல்ல குழாய்த் தண்ணி விட்டு 40 வரைக்கும். அப்புறம் குழாயைக் கழட்டிட்டு, ஒரு வாளியில ஐஸும் தண்ணியும் போட்டு, மீன்தொட்டிக்கு வாங்கின சின்ன பம்பை முக்கி, அந்தத் தண்ணியைச் சுருளுக்குள்ள சுத்த விடுவேன். 20 லிட்டரை 40-லேருந்து 20-க்கு இறக்க நாலு, அஞ்சு கிலோ ஐஸ் போதும்.

சில்லரை அப்படியே முக்கி வெச்சுட்டு நிக்காதீங்க. சுருளைச் சுத்தி ஒரு படலம் சீக்கிரம் ஆறிடும், அதுக்கு அந்தப் பக்கம் வோர்ட் கொதிச்சுட்டே இருக்கும். சுத்தமான நீளக் கரண்டியால மெதுவா ஒரே திசையில சுழற்றிக்கிட்டே இருங்க. நேரம் பாதியாக் குறையறதை நீங்களே பார்ப்பீங்க.

#10 உமித்தவிடு (மெல்பர்ன்)

சிங்கைக்காற்று சரியாகப் பிடித்துவிட்டார். உடைப்பைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நான் திருவாரூர்ப் பக்கம் ஒரு நெல் அரவை மில்லின் வாசலில் வளர்ந்தவன். அங்கே இரண்டு ரப்பர் ரோலர்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் விழும் நெல்லின் உமி உரிய வேண்டும், அரிசி உடையக் கூடாது. மில்காரர் கையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் இடைவெளியைத் திருகுவார். பார்லி மால்ட்டில் நம் தேவை நேர் எதிர்: உள்ளே இருப்பது நன்றாக உடைய வேண்டும், உமி கூடிய மட்டும் முழுசாக இருக்க வேண்டும். ஏனென்றால் வடிகட்டி என்பது அந்தத் துளைத் தட்டு அல்ல. தட்டின் மேல் படுத்திருக்கும் உமிப்படுகைதான் வடிகட்டி. தட்டு அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். முழு மணி ஒன்றிரண்டுக்கு மேல் தெரிந்தால் இடைவெளி அகலம். மாவு மாவாக இருந்து உமியும் நொறுங்கிக் கிடந்தால் மிகக் குறுகல், வடியாமல் அடைத்துக்கொள்ளும். குருணைப் பதம் வேண்டும்: ஒவ்வொரு மணியும் நாலைந்து துண்டு, கொஞ்சம் ரவை, கொஞ்சம் மாவு, உமி காலி உறை போல் மேலே.

சொந்தமாக இரண்டு ரோலர் மில் ஒன்று வாங்குங்கள். இந்த இழையில் நான் செலவு செய்யச் சொல்லும் பெரிய பொருள் இது ஒன்றுதான். கூலருக்கு 1 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். பைக் மெக்கானிக் டாப்பெட்டுக்குப் போடும் கேஜ் இருந்தால் அதை ரோலரின் இரு முனைகளிலும் செருகிப் பாருங்கள். இரு முனையும் ஒன்றாக இருப்பது மிக முக்கியம், ஒரு பக்கம் கோணலாக இருந்தால் பாதி மால்ட் உடையாமலே போகும். வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். பனையோலை போலப் பையில் காய்ச்சுபவர்களுக்கு அந்த இடைவெளி பொருந்தும், ஏனென்றால் பைக்கு அடைப்புப் பயம் இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. உடைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் மால்ட்டின் எடையில் 2 சதவீதம் தண்ணீர், 5 கிலோவுக்கு 100 கிராம், தெளித்துப் பிசறி வைத்துவிடுங்கள். உமி மட்டும் நெகிழ்ந்து தோல் மாதிரி ஆகும், உள்ளே காய்ந்தே இருக்கும். உமி நொறுங்காமல் வரும். இடைவெளியை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். ஒவ்வொரு தடவையும் செய்கிறேன்.

கோதுமை அதிகம் சேர்க்கும் நாளில் மட்டும் கூடுதலாக நெல் உமி. கோதுமைக்கு உமி கிடையாது, பசை மாதிரி இறுகிவிடும். 5 கிலோவுக்கு 200, 250 கிராம் உமியை அலசி மாஷோடு கலந்துவிட்டால் வடிவது சீராகும். ஊரில் அடுப்பெரிக்கவும் செங்கல் சூளைக்கும் போனதைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள் இங்கே. முதல் தடவை அந்தப் பொட்டலத்தைப் பிரித்தபோது வந்த வாசனையில் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

#11 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. புதிதாக வருபவர்களுக்கு ஒரு நினைவூட்டல். வீட்டில் பியர் காய்ச்சும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1963-இல் உரிமம் தேவையில்லை என்று ஆனது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழி திறந்தது, அப்படியும் மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை அனுமதிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அங்கே இருப்பவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளலாம், செய்து பார்க்க வேண்டாம். வடிசாராயம் பற்றிய கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

#12 ஓம்விதி (நியூஜெர்சி)

குளிர்நாட்டான், குளிர்காலத்துக்கு வீட்டுக்குள்ள வரணும்னு சொன்னீங்க இல்லையா, அந்தப் பாதியை நான் எடுத்துக்கிறேன். தொழில்ல மின் பொறியாளர், ஆறு வருஷமா மின்சாரத்துலதான் காய்ச்சுறேன்.

உங்க ஊர்லயும் எங்க ஊர்லயும் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். அதுல தைரியமா ஓட்டக்கூடியது 1500 வாட்டுக்குள்ளதான். 25 லிட்டரை 65-லேருந்து 100-க்கு ஏத்த, துளி சூடு வெளியே போகலைன்னு வெச்சுக்கிட்டாலும் 40 நிமிஷம் ஆகும். கொதிச்ச அப்புறமும் கஷ்டம். ஒரு கிலோ தண்ணி ஆவியாக 2257 கிலோஜூல் வேணும். 1500 வாட் மணிக்குத் தர்றது 5400 கிலோஜூல். அதாவது ரொம்ப நல்லா நடந்தாலே மணிக்கு 2.4 லிட்டர். நிஜத்துல பக்கச்சுவர் வழியாப் போறதைக் கழிச்சா அதுலயும் குறையும். உங்களுக்கு இப்போ 4 லிட்டர் ஆவியாகுது, ரெசிப்பி எல்லாம் அதுக்கு எழுதியிருக்கீங்க. கொதி மந்தமா இருந்தா டிஎம்எஸ்ங்கிற கந்தகச் சேர்மம் சரியா வெளியேறாது, வேகவெச்ச சோளம் மாதிரி ஒரு வாசனை பியர்ல தங்கிடும். பில்ஸ்னர் மால்ட்ல இது இன்னும் அதிகம்.

நிறையப் பேர் வாங்கின மின்சாரப் பாத்திரத்தைக் குறை சொல்றதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். மெல்பர்ன்ல ஐயா வீட்டு பிளக் 2400 வாட் தரும், லண்டன்ல 3000 வரைக்கும் போகும். அங்க நல்லா ஓடுற பொருள் நம்ம பிளக்ல திணறும்.

துணி உலர்த்துற இயந்திரத்துக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர் லைன் இருந்தா கதை மாறிடும். 5500 வாட் எலிமென்ட் (தண்ணிக்குள்ள முங்கியிருந்து சூடேத்துற கம்பி) 23 ஆம்பியர்தான் இழுக்கும். 30-ல 80 சதவீதம் 24, அதுக்குள்ள அடங்கிடும். உங்க கிட்ட இருக்கிற 40 லிட்டர் அண்டாவிலேயே எலிமென்ட் பொருத்தலாம். ஆனா மூணு விஷயத்துல ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க: லைனைப் போட லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன், ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு (மின்கசிவு வந்தா உடனே துண்டிக்கிறது), அண்டாவோட உடம்புக்கே நேரா எர்த். ஈரக்கையும் மின்சாரமும் ஒரே இடத்துல இருக்கப் போகுது. இதுல என்னால விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

#13 குளிர்நாட்டான் (டொரொன்டோ)

அக்கா, ரொம்ப நன்றி. உலர்த்தி லைன் அடித்தளத்துலயே இருக்கு! கன்ட்ரோலர் பெட்டி நானே பண்ணலாமா? பிஐடி (சூட்டைப் பார்த்துக் கட்டுப்படுத்துற கருவி), எஸ்எஸ்ஆர் (அது சொல்றபடி மின்சாரத்தை விட்டு நிறுத்துற ரிலே) எல்லாம் தனித்தனியா மலிவாக் கிடைக்குது.

#14 ஓம்விதி (நியூஜெர்சி)

பண்ணலாம், ஆனா எனக்கு நடந்ததைக் கேட்டுட்டுப் பண்ணுங்க.

என் முதல் பெட்டியில எஸ்எஸ்ஆர் மலிவா வாங்கினது. ஒரு நாள் மாஷ் நடக்கும்போது திரையில 67, வெளியீடு 0 சதவீதம். அதாவது கன்ட்ரோலர் “போதும், நிறுத்து”ன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. அண்டாவுல கை வெச்சா சுடுது. தனி வெப்பமானியில பார்த்தா எலிமென்ட் பக்கத்துல 80 தாண்டிப் போயிருக்கு. ரிலே உள்ளேயே ஷார்ட் ஆகி, மூடின நிலையில, அதாவது மின்சாரம் ஓடிக்கிட்டே இருக்கிற மாதிரி, நின்னுடுச்சு. எஸ்எஸ்ஆர் கெட்டா பெரும்பாலும் இப்படித்தான் கெடும்: திறந்து நிக்காது, மூடியே நிக்கும். அன்னைக்கு 6 கிலோ மால்ட் போச்சு. நான் கடைக்குப் போயிருந்தா இன்னும் மோசமா முடிஞ்சிருக்கும்.

அதனால எஸ்எஸ்ஆருக்கு முன்னாடி ஒரு கான்டாக்டரும் (மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கிற ரிலே), அதை வெட்டுற பெரிய சிவப்பு ஸ்விட்ச்சும் கட்டாயம். எஸ்எஸ்ஆர் ஓடும்போது ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல சூடு கக்கும். 23 ஆம்பியருக்கு 25, 30 வாட். மூடின பெட்டிக்குள்ள அது அடுப்பு மாதிரி. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேத்துற உலோகத் தகடு) பெட்டிக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கணும், நடுவுல தெர்மல் பேஸ்ட்.

எலிமென்ட் வாங்கும்போது வாட் அடர்த்தி ரொம்பக் குறைவான, பாம்பு மாதிரி நெளிஞ்ச ரகமா வாங்குங்க. அதே 5500 வாட்டை நீளமான பரப்புல பிரிச்சுத் தரும், வோர்ட் அடிப்பிடிக்காது. குட்டையான வாட்டர் ஹீட்டர் எலிமென்ட்ல அடிப்பிடிச்ச பியரை நான் குடிச்சுப் பார்த்திருக்கேன், காப்பி டிகாக்‌ஷனை மறந்து அடுப்புலயே விட்ட மாதிரி ஒரு கசப்பு.

இப்போ டியூனிங், அதாவது பிஐடியை நம்ம செட்டுக்குப் பழக்குறது. பிஐடிக்கு ஆட்டோ டியூன் பட்டன் இருக்கும். வெறும் அண்டாவுல தண்ணி வெச்சு, பம்ப் ஓடாம டியூன் பண்ணிட்டு மாஷுக்கு வந்தா எண்கள் எல்லாம் தப்பா இருக்கும். மாஷுக்கு எப்படி ஓட்டப் போறீங்களோ, அதே அளவு தண்ணி, அதே வேகத்துல பம்ப், அப்படித்தான் டியூன் பண்ணணும். சென்சாரை வோர்ட் அண்டாவை விட்டு வெளியே வர்ற வால்வுலயே வைங்க, எலிமென்ட்டைத் தாண்டி வர்ற சூடு அங்கதான் முதல்ல தெரியும். மேலே மிதக்க விட்டா, மேலே 65-ஐப் பார்த்துக்கிட்டே கீழே 75 ஆக்கிடும். கொதிக்க ஆரம்பிச்சதும் பிஐடியை மேனுவல்ல போட்டு 60, 70 சதவீதத்துல நிறுத்துங்க. கொதிநிலையில அதுக்குக் கட்டுப்படுத்த ஒண்ணுமே இல்ல.

பம்ப் காந்த இயக்க ரகமா இருந்தா தானா உறிஞ்சாது. அண்டா வால்வுக்குக் கீழே வைங்க, முதல்ல வோர்ட் தானா இறங்கி நிரம்பணும். வேகத்தைக் குறைக்கிறது எப்பவுமே வெளியேறுற பக்க வால்வுல. உள்ளே போற பக்கத்தை மூடினா சூட்டுல குமிழி கட்டிப் பம்ப் வெறுமனே சுத்தும்.

#15 பனையோலை (லண்டன்)

அக்கா எழுதினதை வாசிக்க எனக்கே ஆசை வருது. ஆனா தம்பி, எலிமென்ட் போட்டாலும் கூலரை எறியாதேங்கோ. கூலரில மாஷ், மின்சார அண்டாவில கொதி எண்டு பிரிச்சு வைச்சா பம்ப், டியூனிங் ஒண்டும் வேண்டியதில்லை. மூடின கூலர் ஒரு மணித்தியாலத்தில ஒரு டிகிரிக்கு மேல இறங்காது. அதை விட நல்ல கன்ட்ரோலர் எங்க கிடைக்கும்? நான் பைக்காரன், எண்டாலும் இதைச் சொல்ல வேணும்.

#16 ஓம்விதி (நியூஜெர்சி)

உண்மை. நான் எழுதினதுல பாதி, மாஷையும் அண்டாவுலயே பண்றவங்களுக்கு. கூலர் வெச்சிருந்தா கொதிக்கு மட்டும் எலிமென்ட், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு எளிய கன்ட்ரோலர், போதும்.

#17 சிங்கைக்காற்று (சிங்கப்பூர்)

எல்லாரும் சூடான பக்கத்தையே பேசுறீங்க. நான் பத்துப் பதினைஞ்சு தடவை சொதப்பிக் கத்துக்கிட்டது குளிர்ந்த பக்கம். எஃபிஷியன்ஸி அஞ்சு சதவீதம் குறைஞ்சா கூட ஒரு பிடி மால்ட் போட்டுச் சரிக்கட்டிடலாம். ஈஸ்ட் 28 டிகிரியில நொதிச்சுதுன்னா அந்த பியரை எதனாலயும் காப்பாத்த முடியாது.

பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு, இங்க்பேர்ட் ஐடிசி-308 மாதிரி ஒரு கன்ட்ரோலர், இதுதான் என் செட்லயே எனக்குப் பிடிச்ச பொருள். ஆனா அதையும் சரியாப் பொருத்தணும். ஆரம்பத்துல சென்சாரை ஃப்ரிட்ஜ் காத்துல தொங்க விட்டேன். கதவைத் திறந்து மூடினா கம்ப்ரஸர் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். காத்து 18, உள்ளே வாளி 22. நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும், சுத்துப்புறத்தை விட மூணு நாலு டிகிரி ஏறி நிக்கும். இப்போ சென்சாரை வாளியோட பக்கச்சுவர்ல, திரவ மட்டத்துக்குக் கீழ ஒட்டி, மேலே ரெண்டு மடிப்பு ஃபோம் வெச்சு டேப் சுத்திடுறேன். கன்ட்ரோலர்ல வெச்சிருக்கிற வித்தியாசம் 0.5 டிகிரி, கம்ப்ரஸர் தாமதம் 3 நிமிஷம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவைதான் ஓடுது.

ஃப்ரிட்ஜ் வைக்க இடமில்லாதவங்களுக்கு நார்வேக்காரங்க க்வைக் ஈஸ்ட் இருக்கு. வாஸ் ரகம் 35, 40 டிகிரியிலயும் சுத்தமா நொதிக்கும், லேசா ஆரஞ்சு வாசம். எங்க ஊர் வெயிலுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி.

#18 குளிர்நாட்டான் (டொரொன்டோ)

பத்து வாரம் ஆச்சு. எல்லாருக்கும் கணக்கு ஒப்பிக்க வந்தேன்.

மில் வாங்கினேன். ஐயா சொன்ன மாதிரி கேஜ் வெச்சுப் பார்த்தா, வந்தபோதே ஒரு முனை 1.0, இன்னொரு முனை 1.3. ரெண்டையும் 1.0-க்குக் கொண்டுவந்தேன். 100 கிராம் தண்ணி தெளிச்சுப் பிசறி உடைச்சா, உமி தனித்தனியா, முழு உறையா வருது. தாள்ல பரப்பி வெச்சுட்டு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கூலர்ல வால்வுக்கு முழங்கைக் குழாய் போட்டேன். இப்போ அடியில அரை லிட்டர்தான் தங்குது. மால்ட் கொட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கொதிதண்ணி ஊத்திக் கூலரைச் சூடு பண்ணிடுறேன். இன்னொரு விஷயமும் இப்போதான் புரிஞ்சுது. மால்ட் மூட்டை கராஜ்ல இருக்கு, அக்டோபர் கடைசியில மால்ட்டே 8 டிகிரி. கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணின்னா, 20 டிகிரி மால்ட்டுக்கு 73.4-ல தண்ணி ஊத்தினா 67 வரும். 8 டிகிரி மால்ட்டுக்கு 75 வேணும். இத்தனை நாள் எல்லாத்துக்கும் ஒரே 73-தான் ஊத்திக்கிட்டு இருந்தேன்.

அதே ரெசிப்பியை மறுபடி மூணு தடவை பண்ணேன். கரண்டி வெட்டுல அளந்த 20 லிட்டர், 20 டிகிரியில பார்த்த ஓஜி: 1.054, 1.055, 1.054. 72, 73, 72 சதவீதம். முதல் ரெண்டும் முடிஞ்சு எஃப்ஜி 1.011-ல நின்னுது. முதல் பாட்டிலைத் திறந்து ஊத்தினப்போ நுரை கிளாஸ் ஓரத்துல கடைசி வரைக்கும் நின்னுச்சு. குடிச்சுட்டு நான் ரொம்ப நேரம் பேசல.

செட் வாங்கற எண்ணத்தை விட்டுட்டேன். பனையோலை அண்ணன் சொன்னபடி கூலர்ல மாஷ், அண்டாவுல 5500 வாட் எலிமென்ட். எலக்ட்ரீஷியன் அடுத்த வாரம் வர்றார். அண்டாவுல 32 மில்லிமீட்டர் துளை போடணும், அதுதான் பயமா இருக்கு. ஸ்டெயின்லெஸ்ல இதுவரைக்கும் நான் துளை போட்டதே இல்ல.

#19 உமித்தவிடு (மெல்பர்ன்)

தம்பி, மனம் நிறைந்தது.

துளைக்குப் பயப்பட வேண்டாம், அவசரம்தான் எதிரி. படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் டிரில், மிகக் குறைந்த வேகம், நிறைய எண்ணெய், அழுத்தம் நன்றாக. வேகமாகச் சுற்றி லேசாகத் தொட்டால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இறுகிக் கல்லாகும், பிறகு எந்த டிரில்லும் இறங்காது. விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டு, சிட்ரிக் அமிலக் கரைசலில் அந்த இடத்தை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் துளையைச் சுற்றித் துரு பூக்கும்.

#20 ஓம்விதி (நியூஜெர்சி)

வாழ்த்துகள்! டிரில்லைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அண்டாவுக்குள்ள எலிமென்ட்டைப் பிடிச்சுக்கிட்டு, அதுக்கு மேல உங்க செம்புச் சில்லரை இறக்கி வெச்சுப் பாருங்க. சில்லர் எலிமென்ட் மேல உக்காரக் கூடாது, உரசக் கூடாது. சில்லருக்குக் கீழே கால் வைக்க முடிஞ்சா வைங்க. துளை அடியிலேருந்து 5 சென்டிமீட்டர் இருக்கட்டும், வடிக்கிற வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் வேண்டாம், கொஞ்சம் தள்ளி. மார்க்கர்ல வட்டம் போட்டு ஒரு படம் எடுத்து இங்கயே போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.